அளவுகோலைக் கொடுத்தபின்

வேதம் ஒன்றே அளவுகோல் என்பது நெல்லைச் சீர்திருத்தச் சபைகளின் அடிப்படை விசுவாசம். பிறன் கையில் கொடுத்த அளவுகோல் கொடுத்தவனையும் அளக்கும். பாளையங்கோட்டையில் 1820 முதல் ஊழியம் செய்த ரேனியஸ், அதைக்கொண்டு ஆங்கிலிக்கன் திருச்சபையையே அளந்தார், 1835-இல் சி.எம்.எஸ். சங்கம் அவரை விலக்கியது. அவராவது ஜெர்மானியர், மிஷனரிகளில் ஒருவர். நாசரேத்தில் மிஷனரியோடு மோதி வேலையிழந்த உபதேசியார் அருமைநாயகம் என்ற சட்டாம்பிள்ளை 1857-இல் தனிச்சபை கண்டபோதுதான் இந்த விசுவாசம் உண்மையில் சோதனைக்குள்ளானது. வேதத்தில் உள்ளபடியே சனிக்கிழமையை ஓய்வுநாளாக்கினார். மிஷனரிகளுக்கு இது கலகம். (அந்த வருஷத்தில் அச்சொல்லுக்குத் தனிக் கனம் உண்டு.) கற்றுத்தந்ததை அவர் ஒரு படி அதிகமாக நம்பினார், அவ்வளவுதான். என்னை உறுத்துவது வேறு. சனிக்கிழமைச் சபையில் பிறந்து, அதே வேதத்தைப் பிரித்துவைத்து அவரிடமே கேள்வி கேட்கும் பிள்ளைக்கு அவர் என்ன சொல்லியிருப்பார்?