தண்ணீர் கண்ட பின்னும் தயம்முமா?

தண்ணீர் கிடைக்காதவருக்குத் தயம்மும் போதும். தண்ணீர் கிடைத்து, அதைப் புழங்கவும் முடிகிறபோது அந்தச் சலுகை முடிந்துவிடுகிறது. நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிந்த சட்டம் இது. தொழுகைக்கு வேண்டிய இந்த நீதி தொழிலுக்கு வேண்டாமா?

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு ஆகிய ஊர்களில் தோல் பதனிடுவது நம்மவர் பலரின் பிழைப்பு. தோலில் பூஞ்சணம் பிடிக்காதிருக்க முன்பு பென்டாகுளோரோபீனால் என்ற மருந்தைச் சேர்த்தார்கள். தொடுபவரின் சருமத்தின் வழியாகவும் உடலில் புகும் நஞ்சு அது. புற்றுநோயையும் உண்டாக்கக் கூடியது. சரக்குக் கெடாதிருக்க அது தேவை என்பதே அதற்குச் சொல்லப்பட்ட நியாயம்.

1989-இல் ஜெர்மனி அதைத் தடை செய்தது. ஒரு கிலோ தோலில் 5 மில்லிகிராமுக்கு மேல் அது இருந்தால் அங்கே விற்க முடியாது. நம் தொழிலும் மாற்று மருந்துகளுக்குத் திரும்பியது. 1994-இல், புற்றுநோய்க்குக் காரணமான பொருள்களை வெளிவிடும் சில அஸோ சாயங்களை அந்நாடு தடுத்தபோது வேறு சாயங்கள் வந்தன. தொழில் நின்றுவிடவில்லை.

இங்கேதான் நாம் யோசிக்க வேண்டும். செருப்பு வாங்கும் அயல்நாட்டாருக்காக மாற முடிந்தது. அதே மருந்தைக் கையால் அள்ளிய தொழிலாளிக்காக ஏன் முன்பே மாற்று வழி தேடவில்லை? 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, தோல் கழிவுநீரால் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ ஓரளவோ சாகுபடிக்கு உதவாமல் போனதை எடுத்துக்காட்டியது. வாங்குபவரின் சொல் காதில் விழுந்தது. அண்டை வீட்டாரின் முறையீடோ நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது.

"மாற்றுப் பொருளுக்கு விலை அதிகமாயிற்றே" எனலாம். அதற்கும் இதே சட்டத்தில் விடை உண்டு. கையில் காசிருந்து, நியாய விலைக்குத் தண்ணீர் கிடைத்தால் வாங்கித்தான் ஒளுச் செய்ய வேண்டும். கொள்ளை விலை கேட்டால் வாங்குவது கடமையில்லை. ஆகவே சிறு முதலாளியின் கஷ்டம் தக்க காரணமாகலாம். இலாபம் சற்றுக் குறையும் என்பது காரணமாகாது.

பதிலுக்கு வருவதையும் சோதித்தே ஏற்க வேண்டும். நஜீஸான நீரில் ஒளு நிறைவேறாது. பெயர் மாறியதால் நஞ்சு நஞ்சல்லாமல் போகாது.

அருகில் தண்ணீர் இருக்கலாம் என்று தோன்றினால் தேடிப் பார்த்த பிறகே தயம்மும். "வேறு வழியில்லை" என்று சொல்லுமுன், "தேடினேனா?" என்று ஒவ்வொருவரும் தம்மையே கேட்டுக்கொள்ளட்டும். அடியார்களின் ஹக்கு, அந்த அடியார்கள் பொறுத்தாலன்றித் தீராது.