வேண்டாதவர்க்கு எதை வழங்குவது?

சென்ற மாதம் எங்கள் மருமகள் பெங்களூரிலிருந்து தொலைபேசியில் ஒரு வினா எழுப்பினாள். “அத்தை, மாமாவின் பிறந்த நாளுக்கு என்ன வாங்கி வருவது? இப்போது மிகுதியாகச் செலவழிக்கவும் இயலாது. அவரைக் கேட்டால் ‘ஒன்றும் வேண்டாம் அம்மா, எல்லாம் இருக்கிறது’ என்கிறார்” என்றாள். நான் உடனே விடை கூறவில்லை. மணமான நாள் முதல் என்னையும் அலைக்கழித்த வினா அது.

என் கணவர் எதிலும் பயன் பார்ப்பவர். குடைக்கம்பி முறிந்தால் தாமே கட்டுவார். மிதிவண்டிக்குத் தாமே பஞ்சர் ஒட்டுவார். அழகுக்கென்று ஒரு பொருள் எங்கள் வாயிற்படி ஏறியதில்லை. அத்துடன், ஐந்து அணுவிரதங்களுள் ஒன்றாகிய பரிக்கிரக பரிமாணத்தை, அதாவது தம் உடைமைக்குத் தாமே எல்லை வகுத்துக்கொள்ளும் விரதத்தை, இளமையிலேயே ஏற்றுக்கொண்டவர். அதற்கென ஒரு சிறு குறிப்பேடு உண்டு. வேட்டி ஆறு, சட்டை ஆறு, துண்டு நான்கு, பேனா இரண்டு, கைக்கடிகாரம் ஒன்று என்று அதில் எழுதி வைத்திருக்கிறார். புதியது ஒன்று வந்தால் பழையது ஒன்று வெளியேற வேண்டும். இத்தகையவர்க்குப் பரிசு வாங்கும் மனைவியின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

2009ஆம் ஆண்டு நான் ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றேன். கைக்கு வந்த தொகையில் அவருக்குத் தங்கமுலாம் பூசிய கடிகாரம் ஒன்று வாங்கினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், நன்றாக இருக்கிறது என்றார். ஒரு வாரத்திற்குள் அது கல்லூரிக்குப் புறப்பட்ட ஓர் உறவினர் பிள்ளையின் மணிக்கட்டில் இருந்தது. தந்தையார் வாங்கித் தந்த எச்.எம்.டி. கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டாவது எதற்கு என்பது அவர் வாதம். நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. பின்னர் மகன் தோல் பணப்பை வாங்கி வந்ததையும், மகள் பட்டு வேட்டி வாங்கி வந்ததையும் நம்மவர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

அந்த இரண்டு நாள் கோபம் யார் பொருட்டு? இதை நான் பின்னரே ஆராய்ந்தேன். கொடுப்பது என்பது நன்மையின் பொருட்டுத் தன் பொருளைத் துறத்தல் என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் கருத்து. கொடுக்கும் முறை, கொடுக்கப்படும் பொருள், கொடுப்பவர், பெறுபவர் ஆகிய நான்கினாலும் அதன் சிறப்பு வேறுபடும் என்றும் அந்நூல் கூறுகிறது. ஜினாலயத்தில் சிறுவர்க்கு நடத்திய வகுப்பில் இந்நான்கையும் எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். கடைக்குச் சென்றபோது மட்டும் பொருள் ஒன்றே என் நினைவில் நின்றது. கடிகாரத்தைத் துறந்தேனே ஒழிய, அவர் அதைக் கட்டிக்கொண்டு ஊரில் நடக்க வேண்டும் என்ற ஆசையை நான் துறக்கவில்லை.

ஆயினும் குற்றம் முழுவதும் கொடுப்பவர் பக்கமே என்று எழுதினால் அது நேர்மையாகாது. புறப் பற்றுகள் பத்து என்றால் அகப் பற்றுகள் பதினான்கு அல்லவா? அப்பதினான்கனுள் மானம் என்னும் செருக்கும் ஒன்று. ‘எனக்கு ஒன்றும் வேண்டாம்’ என்ற சொல்லுக்குள்ளும் அது குடியிருக்கக் கூடும். எங்கள் பேத்தி ஐந்து வயதில் ஐஸ்கிரீம் குச்சிகளை ஒட்டிப் பேனாத் தாங்கி ஒன்று செய்து தாத்தாவிடம் நீட்டினாள். “இது எதற்கு? பேனா சட்டைப் பையில் இருக்கிறதே” என்றார். குழந்தையின் முகம் வாடிவிட்டது. அன்றிரவு நான் கேட்டேன்: “அனைத்தையும் துறந்த திகம்பர முனிவரும் நாளுக்கு ஒரு வேளை இல்லறத்தார் இடுவதைக் கையேந்தி ஏற்கிறார். மயிற்பீலியும் கமண்டலமும் சாத்திரமும் அவருக்கும் பிறர் கொடுத்தே வருகின்றன. நீங்கள் அவரினும் மிகத் துறந்தவரோ?” அவர் விடை சொல்லவில்லை. காலையில் பார்த்தால் இரண்டு பேனாக்களும் அந்தக் குச்சித் தாங்கியில் நின்றன. குறிப்பேட்டில் ஒரு வரி கூடியிருந்தது.

வேண்டாதவர்க்குக் கொடுப்பது எவ்வளவு அரிது என்பதற்கு விருஷப தேவரின் முதற் பாரணையே சான்று. ஆறு மாத யோகம் முடிந்து அவர் உணவின் பொருட்டு எழுந்தருளியபோது, மக்கள் பொன்னும் மணியும் யானையும் குதிரையும் கொண்டுவந்து முன்னே நிறுத்தினார்கள். அன்பில் குறைவில்லை, ஆனால் அவருக்கு எது தகும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மாதங்கள் பல கழிந்தபின் அத்தினாபுரத்தில், அரசன் சோமப்பிரபனின் தம்பி சிரேயாம்சன் கருப்பஞ்சாறு அளித்தான். அந்த நாளே அட்சய திருதியை. (அந்நாளில் நகைக்கடை வாயில்களில் நிற்கும் கூட்டத்தைக் காணும்போதெல்லாம், அன்று பொன் கொண்டுவந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பியது எனக்கு நினைவு வரும்.)

இக்கதை நம் வீட்டுச் சிறுவர்க்கும் தெரியும். இதில் நாம் விரைந்து கடந்துவிடும் பகுதி ஒன்று உண்டு. ஊரில் யாருக்கும் தெரியாதது சிரேயாம்சனுக்கு மட்டும் எவ்வாறு தெரிந்தது? பெருமானைக் கண்டவுடன் அவனுக்கு முற்பிறப்பு உணர்வு வந்தது. அப்பிறப்பில் பெருமான் வஜ்ரஜங்கன். சிரேயாம்சன் அவன் மனைவி ஸ்ரீமதி. இருவரும் சேர்ந்து சாரண முனிவர்க்கு ஆகார தானம் செய்தவர்கள். உடன் வாழ்ந்தவளின் நினைவே கருப்பஞ்சாற்றைச் சுட்டியது. ஐம்பது ஆண்டு உடன் வாழ்ந்த நான் கடை வீதியில் தேடிக்கொண்டிருந்தேன்.

2024ஆம் ஆண்டு எங்களுக்கு மணமாகி ஐம்பது ஆண்டுகள் நிறைந்தன. அதற்குச் சில திங்கள் முன்பு, அவர் காலை வேளையில் அருங்கலச்செப்பை முகத்தருகே பிடித்துக்கொண்டு வரி தேடுவதைக் கவனித்தேன். கண்புரை அறுவைக்குப் பின்னும் அந்தப் பதிப்பின் பொடி எழுத்து அவருக்குப் பிடிபடவில்லை. என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை; சொல்லவும் மாட்டார். ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குக் கரும்பலகை எழுத்துக்கென்றே தனிப் பயிற்சி உண்டு. அந்தக் கையால், பெரிய ஏடுகள் இரண்டில், பக்கத்திற்கு இரண்டு குறள் வீதம் நூல் முழுவதையும் எழுதினேன். விரல் வலிக்காமல் இல்லை. ஏடும் மையும் சேர்த்து இருநூறு ரூபாய்க்குள் அடங்கிற்று. வாங்கிக்கொண்டவர் நன்றி என்று கூறவில்லை. மறுநாள் காலை உரக்கப் படித்தார். மூன்றாம் நாள், இடையில் ஓர் ஒற்று விடுபட்டிருப்பதைச் சிவப்பு மையால் வட்டமிட்டு ஆசிரியையிடமே திருத்தக் கொடுத்தார்.

மருமகளுக்கு வருகிறேன். என் மகன் எப்போது ஊருக்கு வந்தாலும் அலுவலகம் முடித்துப் புறப்பட்டு இரவு ஒன்பது மணிக்குமேல் வந்து சேர்வான். அவரோ கதிரவன் மறையுமுன் உண்டு முடித்திருப்பார். மகனுக்கு நான் பரிமாறும்போது திண்ணையில் அமர்ந்து, பேருந்தில் கூட்டமா என்று கேட்பார். காலையில் அவன் எழுவதற்குள் நிலத்துக்குப் போய்விடுவார். இப்படியே பல ஆண்டுகள். இருவரும் ஒரு பந்தியில் அமர்ந்து நான் பார்த்தது திருமணங்களில் மட்டுமே. ஆகவே அவளிடம், “ஒன்றும் வாங்க வேண்டாம் அம்மா; சனிக்கிழமை விடியற்காலைப் பேருந்தில் ஏறுங்கள்” என்றேன். “அவ்வளவுதானா அத்தை?” என்றாள்.

பகல் இரண்டு மணிக்கெல்லாம் வந்துவிட்டார்கள். மாலை ஐந்தரைக்கு இலை போட்டேன். மகன் தந்தைக்குப் பக்கத்தில் அமர்ந்தான். பேத்தி இருவருக்கும் நடுவில் இடம் பிடித்தாள். நெல் விலையில் தொடங்கி, அவன் சிறுவனாக இருந்தபோது கிணற்றில் நீந்தப் பழகியது வரைக்கும் பேச்சு நீண்டது. மேற்குச் சன்னலில் வெளிச்சம் மங்குவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அளந்து உண்பவர், இலையை மடிக்கும் நேரத்தில் என் பக்கம் திரும்பி, இன்னும் கொஞ்சம் சோறு இருக்கிறதா என்று கேட்டார்.