நோயுற்றாரைப் பேணலும் சிவதொண்டே

வருடந்தோறும் திருவிழா வருகின்றது. கொடியேற்றம் முதல் தீர்த்தம் வரை ஊர் ஆலயத்தில் கூடுகின்றது. ஆனால் வர முடியாதவர்களும் ஊரில் இருக்கின்றார்கள். பாரிசவாதத்தில் விழுந்து எழும்ப முடியாதவர்கள், புற்றுநோயால் வாடுபவர்கள், பெற்ற பிள்ளையையே அடையாளம் தெரியாத முதியவர்கள். ஆலய மணியோசை அவர்களுக்குக் கேட்கின்றது, கால்கள் வரமாட்டா. அவர்களின் பக்கத்தில் மனைவியோ, மகளோ, மருமகளோ ஒருவர் இருப்பார். அவருக்கும் திருவிழா இல்லை. மாறாத நோயில் கிடப்பவருக்கு நாம் செய்ய வேண்டியது யாது? அவரைப் பேணுபவருக்குச் செய்ய வேண்டியது யாது? இவற்றைச் சிறிது சிந்திப்போம்.

வைத்தியம் என்றதும் வைத்தியரும் மருந்துமே நமது நினைவுக்கு வருவர். திருவள்ளுவரோ மருந்து என்னும் அதிகாரத்தின் நிறைவில் வைத்தியத்தை நான்கு கூறாகக் கூறுகின்றார். நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, அருகிலிருந்து கவனிப்பவர் என்பன அவை. சரக சம்ஹிதையும் இந்நான்கையே கூறி, கவனிப்பவருக்கு வேண்டிய தகுதிகளாகப் பணிவிடை முறைகளை அறிந்திருத்தல், திறமை, நோயாளியிடத்து அன்பு, தூய்மை ஆகியவற்றைச் சொல்கின்றது. வைத்தியர் கைவிரித்த பின்னரும் இந்த நான்காவது கூறு முடிவதில்லை. உண்மையில் அப்போதுதான் அதன் பொறுப்பு மிகுகின்றது.

பேணுதல் என்றால் என்ன என்பதைப் பீஷ்மரின் வரலாறு நன்கு உணர்த்துகின்றது. அம்புப் படுக்கையில் கிடந்த அவரது தலை தாங்கலின்றித் தொங்கியது. அரசர்கள் மென்மையான தலையணைகளைக் கொண்டு வந்தனர். அவர் வேண்டாமென்றார். அருச்சுனன் மூன்று அம்புகளை நாட்டித் தலைக்குத் தாங்கலாக்கினான், பீஷ்மர் மகிழ்ந்தார். தாகமெடுத்தபோதும் மற்றவர்கள் கொண்டுவந்த குளிர்ந்த நீரை ஏற்காது, அருச்சுனன் நிலத்தைத் துளைத்து வரவழைத்த நீரையே பருகினார். இரு பகுதியாரும் அன்போடுதான் வந்தனர். ஒரு பகுதியார் தம்மிடமிருந்ததைக் கொடுத்தனர். மற்றவன் அவருக்கு எது வேண்டும் என்பதை அறிந்து கொடுத்தான்.

இன்றைய தாதியியல் ஆய்வும் இதனையே வேறு மொழியில் கூறுகின்றது. அமெரிக்கத் தாதியியல் அறிஞர் கதரின் கொல்கபா 1990களில் நோயாளியின் சுகத்தை மூன்று நிலைகளாக விளக்கினார். துன்பம் தணிதல் ஒன்று. நிம்மதியாயிருத்தல் மற்றொன்று. துன்பம் நீங்காவிடினும் அதற்கு மேலாக எழுந்து நிற்றல் மூன்றாவது. இவை உடலில் மட்டுமன்றி மனத்திலும் ஆன்மாவிலும், சுற்றுச் சூழலிலும், உறவுகளிலும் அமைய வேண்டும் என்றார். நோவுக்குக் குளிசை கொடுத்துவிட்டோம். ஆனால் முகத்தில் அடிக்கும் வெயிலை மறைத்தோமா? திருநீறு பூசிவிடக் கேட்டாரா? பேரப்பிள்ளையின் குரலைக் கேட்க ஆசைப்பட்டாரா? நோயாளியைக் கேட்டாலன்றி இவை தெரியவரமாட்டா.

அன்பு மட்டும் போதாது, அறிவும் வேண்டும். இங்கிலாந்தில் டொரீன் நோர்ட்டன் என்னும் தாதியும் அவரது குழுவினரும் முதியோரிடையே செய்த ஆய்வு 1962 இல் வெளிவந்தது. தோலில் பூசும் பொருட்களைவிட, உடலின் அழுத்தம் ஓரிடத்தில் தங்காதவாறு நோயாளியை முறையாகத் திருப்பிப் படுக்க வைப்பதே படுக்கைப் புண்ணைத் தடுக்கும் என அது காட்டியது. இரவிலும் எழுந்து திருப்பிவிட வேண்டும். சிறிய வேலைதான், ஆனால் மாதக்கணக்கில் ஒருவரே செய்தால் அவர் உடல் என்னவாகும்?

இவ்விடத்தில் சிலர் 'அது அவரவர் வினைப்பயன், அனுபவித்துத்தான் தீர வேண்டும்' என்பர். வினை உண்டென்பது நமது சமயக் கொள்கையே. ஆனால் அவர் படும் துன்பம் அவர் வினையென்றால், அதைக் கண்டு நாம் செய்வதும் செய்யாது விடுவதும் நம் வினையாகும். பிறர் துன்பத்துக்குக் காரணம் சொல்வதற்காக அக்கொள்கை நமக்கு அருளப்படவில்லை.

இன்னும் சிலர் பேணுகின்ற பெண்ணைத் 'தெய்வம் போன்றவள்' என்று புகழ்ந்துவிட்டுப் போய்விடுவர். புகழ்ச்சி ஓரிரவுத் தூக்கத்தையும் தராது. பிள்ளைகள் பெற்றோரைப் புறக்கணித்தலாகாது என்று நமது நாட்டின் 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் கூறுகின்றது. நல்ல சட்டம். ஆனால் பெற்றோரைக் கைவிடாத மகளுக்கு யார் துணை என்பதைச் சட்டத்தைவிட ஊரே தீர்மானிக்கின்றது.

1980 இல் அமெரிக்காவில் ஸ்டீவன் சாரிட் என்பவரும் துணை ஆய்வாளர்களும், அறிவு தடுமாறிய முதியோரைப் பேணும் 29 பேரை ஆராய்ந்தனர். நோயாளியின் தொல்லை மிகுந்த வீட்டில்தான் பாரமும் மிகும் என்றே எவரும் நினைப்பர். ஆய்வில் அவ்வாறு காணப்படவில்லை. பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், சகோதரர்கள் அடிக்கடி வந்துபோன வீடுகளில் பேணுபவரின் பாரம் குறைவாக இருந்தது. சிறிய ஆய்வுதான். எனினும் வருத்தம் விசாரிக்கப் போகும் நம் வழக்கம் வெறும் சம்பிரதாயமல்ல என்பதற்கு அது சான்றாகும்.

கேரளத்தில் இதனை ஊர்ப்பணியாகவே செய்து காட்டினர். 1993 இல் கோழிக்கோட்டில் தொடங்கிய நோவுதணிப்புச் சேவை, பின்னர் மலப்புறம் போன்ற மாவட்டங்களில் அயலவர் கைகளுக்கு வந்தது. வாரத்தில் இரண்டு மணித்தியாலம் ஒதுக்கக்கூடியவர்கள் பயிற்சி பெற்று, தாதியரோடு வீடுகளுக்குச் சென்றனர். இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் என்ற பேதம் அங்கு பார்க்கப்படவில்லை. எல்லாச் சமயத்தவரும் அயலவராய் வாழும் கிண்ணியாவுக்கும் இது பொருந்தும்.

2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டபின், பாதைக்குக் காத்திராமல் நோயாளியைத் திருகோணமலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல முடிகின்றது. வைத்தியர் கிட்டவாகிவிட்டார். அயல்வீடு தூரமாகிவிடக் கூடாது.

ஆகவே அடியார்களே, இம்முறை அர்ச்சனை முடிந்ததும் திருநீறும் பிரசாதமும் எடுத்துக்கொண்டு ஒரு நோயாளியின் வீட்டுக்குச் செல்வோம். 'என்ன வேணும்?' என்று அவரையே கேட்போம். பேணுபவரை நோக்கி, 'தங்கச்சி, நான் இருக்கிறன், நீ கோயிலுக்குப் போய்க் கும்பிட்டு வா' என்று சொல்வோம். அவர் கண்ணாரக் காணும் ஒரு தீபாராதனை, நாம் செய்யும் உபயங்களில் ஒன்றாக இறைவன் திருவடியைச் சேரும் என்பதில் ஐயமில்லை.