விடைத்தாளைக் காட்டுவது உதவியா?



சென்ற ஞாயிறு பூசைக்குப் பின், பத்தாம் வகுப்பில் படிக்கும் பையன் ஒருவன் என்னிடம் வந்தான். "சுவாமி, பரீட்சையில் பக்கத்திலிருந்த தோழன் கேட்டான், என் தாளைச் சாய்த்துக் காட்டினேன். நான் யாருடையதையும் எடுக்கவில்லையே, கொடுக்கத்தானே செய்தேன்? கொடுப்பது புண்ணியமல்லவா?" என்றான். பெற்றோரும் சிந்திக்கத்தக்க கேள்வி இது.

கொடுப்பது புண்ணியந்தான். ஆனால் தன்னுடையதைத்தான் கொடுக்கலாம். விடை அவனுடையது, மதிப்பெண் அவனுடையதன்று. விடைத்தாளில் மாணவன் தன் எண்ணை எழுதுவது, "இதிலுள்ளதை அறிந்தவன் நானே" என்று சொல்லும் சாட்சி. தோழன் சொன்னது பொய்சாட்சி. இவன் அதற்குத் துணை நின்றான். ஏமாந்தவர் யார்? தாளைத் திருத்தும் ஆசிரியர். கண்விழித்துப் படித்து அதே மதிப்பெண் பெற்ற வேறொரு பிள்ளை. எல்லாரிலும் மேலாக, அந்தத் தோழனே. அவனுக்குக் கணக்கு வராதென்று தெரிந்திருந்தால் ஆசிரியர் மறுபடியும் சொல்லிக் கொடுத்திருப்பார். காட்டியவன் அந்த வழியை அடைத்துவிட்டான்.

அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் பொய்யை மூன்றாக வகுத்தார்: கெடுதி செய்யும் பொய், விளையாட்டுப் பொய், உதவிக்காகச் சொல்லும் பொய். கடைசியதில் குற்றம் குறைவென்று ஒப்புக்கொண்டார். குற்றமே இல்லையென்று சொல்லவில்லை. அவருக்கு வெகுகாலம் முன்பே அர்ச். அகுஸ்தீன் பொய்யைப் பற்றி இரண்டு நூல்கள் எழுதி, இதே முடிவுக்கு வந்தார்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்பார் சிலர். 2024-ஆம் ஆண்டு நடுவணரசு இயற்றிய தேர்வு முறைகேடு தடுப்புச் சட்டம், வினாத்தாளை வெளியிடுவோருக்கு 3 ஆண்டுக்குக் குறையாத சிறை விதிக்கிறது. ஆனால் அது வேலைக்கும் மேற்படிப்புக்கும் நடுவண் அமைப்புகள் நடத்தும் தேர்வுகளுக்கே உரியது. பள்ளிப் பரீட்சை அறையில் மேற்பார்வையாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டால், மிஞ்சும் காவல் மனச்சாட்சி ஒன்றே.

அந்த மனச்சாட்சி வளருமிடம் வீடு. கடையில் காசு கொடுத்து வாங்கிய 'புராஜெக்ட்', தாயார் இரவில் அமர்ந்து எழுதிய வீட்டுப்பாடம், கைப்பேசியில் இயந்திரம் நொடியில் எழுதித் தந்ததைப் படித்தும் பாராமல் பெயர் போட்டுக் கொடுக்கும் கட்டுரை — இவற்றைக் கண்டு சிரிக்கும் வீட்டில், 'பிட்' அடிக்காதே என்ற புத்திமதி எடுபடுமா? பெற்றோரே, சொல்லிக் கொடுங்கள், எழுதிக் கொடுக்காதீர்கள். உண்மையாய் எழுதிக் குறைந்த மதிப்பெண் வாங்கி வரும் பிள்ளையை, அண்டை வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுத் திட்டாதீர்கள். அந்தப் பயமே பல பிள்ளைகளைப் பொய்க்குத் தள்ளுகிறது.

"அப்படியானால் அவன் தோற்றுப் போகட்டுமா, சுவாமி?" என்று பையன் கேட்டான். "வேண்டாம். மாலைதோறும் அவனை உன் வீட்டுக்கு அழைத்து, தெரிந்ததைச் சொல்லிக் கொடு. அங்கே நீ கொடுப்பது உன்னுடையது, கொடுக்கக் கொடுக்க உனக்கும் குறையாது" என்றேன்.

வீட்டில் இடமில்லாத பிள்ளைகளுக்காக, இவ்வாரம் முதல் மாலை 6 மணிக்குப் பங்கு மனைத் தாழ்வாரத்தில் விளக்கு எரியும். அனுப்பி வையுங்கள்.