வாடகையில்லாக் கூரையின் விலை

நாவலப்பிட்டியைச் சூழ்ந்துள்ள தேயிலைத் தோட்டங்களில் வீட்டு வாடகை என்றொரு செலவு கிடையாது. சம்பள உயர்வுப் பேச்சு எழும் போதெல்லாம் நிர்வாகத் தரப்பு இதைத்தான் நினைவூட்டுகிறது: குடியிருக்கும் லயம் இலவசம், ஆகவே நாட்சம்பளத்தை மட்டும் வைத்துத் தொழிலாளியின் வாழ்க்கைச் செலவை அளக்கக் கூடாது. 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆனது. 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. 1350 ரூபாய் கிடைத்ததோ 2024இல்தான். அரிசிக்கும் கோதுமை மாவுக்கும் அல்லாடிய அந்த ஆண்டுகளிலும் இந்த வாதம் அசையாமல் நின்றது. இதைப் பொருளியல் கணக்காக மட்டும் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு இது அறத்தையும் சமயத்தையும் பற்றிய கேள்வியாகவே படுகிறது. உழைப்பு நீடிக்கும்வரை மட்டுமே நீடிக்கும் ஒரு கூரையை, அதைக் கொடுப்பவர் தம் தர்மக் கணக்கில் எழுதிக்கொள்ளலாமா?

அந்தக் கூரையின் உண்மையான விலையைப் பார்க்க வேண்டும். லயக்காம்பரா என்பது பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. அதற்கு உறுதிப் பத்திரம் இல்லை. உறுதி இல்லாததால் அதை ஈடு வைத்து வங்கியில் கடன் வாங்க முடியாது. ஒரு சுவரை நீட்டிக் கட்டவும் தோட்டத் துரையின் அனுமதி வேண்டும். வீட்டில் ஒருவருடைய பெயராவது தோட்டத் தொழிலாளர் பதிவேடான செக்ரோலில் இல்லாவிட்டால் காம்பரா என்னாகும் என்ற பயம் தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது. நாவலப்பிட்டிக்கு 1874இல் ரயில் வந்தது, மலையில் விளைந்ததைக் கொழும்புக்குக் கொண்டுபோக. இன்று அதே பாதையில் தோட்டத்துப் பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் போகிறார்கள். அங்கே தங்குமிடத்துக்கு வாடகை கொடுக்கிறார்கள். இங்கே காம்பராவைக் காப்பாற்றத் தாய் கொழுந்துக்கூடையை இறக்கி வைக்காமல் இருக்கிறாள். பணமாக வாங்கப்படாத வாடகை இப்படி ‘முடியாது’ என்று சொல்லும் உரிமையாக வாங்கப்படுகிறது. சமயங்கள் எல்லாம் மனிதனின் செயலை எடை போடுவது, அவன் வேறு விதமாகவும் செய்திருக்கலாம் என்ற நம்பிக்கையில்தான். கூரை பறிபோகும் என்ற பயத்தில் ஒருவர் தலையாட்டினால் அந்தச் செயலில் அவருடைய சம்மதம் எவ்வளவு? குடியிருப்பு பிறர் கையில் இருக்கும்போது அறவாழ்வின் அடித்தளமே பிறர் கையில் இருக்கிறது. ஆகவே குடியிருக்கும் நிலத்தின் உரிமையை நலன்புரி உதவிகளின் பட்டியலில் சேர்ப்பது தவறு. அது மனிதருக்குத் தீர்க்க வேண்டிய கடன்.

இதற்கு முதல் மறுப்பு நம் வீட்டுக்குள்ளிருந்தே வருகிறது. ‘எல்லாம் தலையெழுத்து, வினைப்பயன்.’ சைவ சித்தாந்தம் வினையை மும்மலங்களில் ஒன்றாக வைத்தது உண்மை. ஆனால் துன்பத்தை அனுபவிப்பவரின் வினையைச் சொன்ன அதே சித்தாந்தம், துன்பத்தைச் செய்பவருக்கு அது புதிய வினையாக ஏறும் என்பதையும் சொன்னது. முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொள்வது பக்தி ஆகாது. அத்தோடு, இந்த மக்களின் நிலமின்மைக்குத் தேதிகள் இருக்கின்றன. 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென முடிவு செய்தது. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. எழுபதுகளின் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் கைமாறியபோது, அவற்றில் உழைத்தவர்கள் காணி பெறுவோர் வரிசையில் வைக்கப்படவில்லை. தோட்டக் காணி பறிபோவதை எதிர்த்து நின்ற தொழிலாளி சிவனு லெட்சுமணன் 1977 மே மாதத்தில் டெவன் தோட்டத்தில் பொலிஸ் சூட்டில் இறந்தார். 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் போனது. வர்த்தமானியில் காரணம் அச்சாகியிருக்கும்போது முற்பிறவியில் தேடுவது எதற்கு?

காணி கேட்பது பற்று, சமயம் போதிப்பது துறவு என்றும் சிலர் சொல்வார்கள். துறப்பதற்குக் கையில் ஏதாவது இருக்க வேண்டும் என்பதே போதுமான பதில். அதற்கு மேலும் பதில் உண்டு. புத்தர் அனாதபிண்டிகருக்கு இல்லறத்தாரின் சுகங்கள் நான்கைச் சொன்னபோது, நேர்மையாக உழைத்துச் சேர்த்ததை உடைமையாகக் கொண்டிருப்பதையும் கடனில்லாதிருப்பதையும் அவற்றில் சேர்த்தார். விவிலியத்தின் லேவியர் ஆகமம் நிலம் கடவுளுடையது என்று சொல்லி, ஐம்பதாம் ஆண்டில் விற்ற நிலம் பழைய குடும்பத்துக்கே திரும்ப வேண்டும் என்று விதிக்கிறது. நிலம் இறைவனுடையது என்ற நம்பிக்கை அங்கே நிலமில்லாதவருக்குச் சாதகமாகவே பேசியது. நம் மலைகளில் அந்த நம்பிக்கை எந்தப் பக்கம் பேசுகிறது என்று பார்த்தால் வருத்தமே மிஞ்சும். தொழிலாளர்கள் தங்கள் சம்பளத்தில் வெட்டிக் கொடுத்துக் கட்டிய மாரியம்மன் கோயில்களும் பெரும்பாலும் தோட்டக் காணியில்தான் நிற்கின்றன.

மூன்றாவது மறுப்பைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். இந்த மலைகள் கண்டிச் சிங்களக் கிராமத்தவருடையவை. 1840இன் முடிக்குரிய காணிச் சட்டத்தால் பிரித்தானியர், கிராமத்தவர் உறுதி காட்ட முடியாத காட்டையும் சேனையையும் அரச உடைமையாக்கித் தோட்டக்காரர்களுக்கு விற்றார்கள். பறிக்கப்பட்ட அந்த நிலத்தில் வந்தேறியவருக்கு என்ன உரிமை என்பது கேள்வி. பறிப்பு நடந்தது உண்மை, அதன் காயம் இன்னும் ஆறவில்லை. ஆனால் பறித்தவர் கையில் இருந்தது சட்டமும் பணமும். கங்காணியின் கடன்கணக்கோடு தமிழகத்திலிருந்து நடந்து வந்தவர் கையில் எதுவும் இல்லை. இந்த மறுப்பாளர்கள் பெருமையோடு சொல்லும் கண்டிய மரபையே எடுத்துக்கொள்வோம். தலதா மாளிகைக்கும் தெய்வங்களின் தேவாலயங்களுக்கும் ஊழியம் செய்த குடிகளுக்குப் பரவேணிப் பங்கு இருந்தது. ஊழியக் கடமையோடு சேர்ந்திருந்தாலும், அந்தக் காணி தந்தையிடமிருந்து மகனுக்குப் போனது. 1870இன் ஊழியக் குத்தகைச் சட்டம் அந்த ஊழியத்துக்குப் பதிலாகப் பணம் செலுத்தவும் வழி திறந்தது. ராஜகாரியம் என்ற கட்டாய ஊழியத்தைக் கடுமையானது என்று கண்டித்த பிரித்தானியரின் தோட்டமுறை, அந்தப் பரம்பரைப் பிடிமானத்தைக்கூடத் தன் தொழிலாளிக்குத் தரவில்லை. கண்டி மண்ணின் பழைய அறம் ஊழியருக்கு மண்ணில் பங்கு உண்டு என்று ஏற்றிருந்தது. அதே அறத்தைத் தோட்டத் தொழிலாளிக்கும் நீட்டுங்கள் என்பதே கோரிக்கை.

நிலம் போதாது என்று சொல்வதும் கணக்குக்கு நிற்காது. கேட்கப்படுவது ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச். ஏக்கருக்கு 160 பேர்ச். ஒரு லட்சம் குடும்பங்களுக்குக் கொடுத்தாலும் 4,375 ஏக்கர்தான். இலங்கையின் தேயிலை நிலமோ ஏறத்தாழ 2 லட்சம் ஹெக்டேர். இந்தியா கட்டித்தந்த வீடுகளுக்கு நன்றி உண்டு. 2017 மே மாதம் நோர்வூட்டில் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டதும் நல்ல செய்திதான். ஆனால் உறுதி கையில் வராத வீடு மறுபடியும் ஒருவர் மனம் வைத்துக் கொடுத்த தானமாகவே நிற்கும். எந்தச் சரிவில் கட்டுவது என்பதும் உயிர்ப் பிரச்சினை. 2014 ஒக்டோபரில் மீரியபெத்தைத் தோட்டத்தில் சரிந்த மண் லயங்களை மூடியது. 2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டை மறுபடி சரித்தது. சரிவு ஆபத்தானது என்று தெரிந்தாலும், வேறு காணி இல்லாத குடும்பம் எழுந்து எங்கே போகும்?

நாவலப்பிட்டியில் கோயிலும் விகாரையும் தேவாலயமும் பள்ளிவாசலும் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. நிவாரணப் பொதி கொடுப்பதில் இவற்றின் நிர்வாகங்கள் பின்னின்றதில்லை. இனி அவை ஒரே மனுவில் கையெழுத்திட்டு, சுற்றியுள்ள தோட்டங்களில் குடியிருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பாதுகாப்பான இடத்தில் 7 பேர்ச் காணியும், பெண்ணின் பெயரும் சேர்ந்த உறுதியும் வேண்டும் என்று பிரதேச செயலகத்தில் கேட்கட்டும்.