யாரும் பார்க்காத வணக்கம்

வீட்டில் யாருமில்லை, குளிர்ந்த தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில். ஒரு மிடறு குடித்தாலும் எவருக்கும் தெரியாது. ஆனாலும் நோன்பாளி குடிப்பதில்லை. தொழுகையைப் பிறர் பார்க்கலாம். நோன்புக்கு இறைவன் மட்டுமே சாட்சி. அந்த இறையச்சமே நோன்பின் நோக்கம் என்கிறது குர்ஆன் (2:183).

உடலுக்கும் இதில் பங்குண்டு. சுமார் 12 மணி நேரம் உண்ணாதிருந்தால் கல்லீரலில் சேமித்த சர்க்கரை குறைந்து, உடல் கொழுப்பை அதிகமாக எரிக்கத் தொடங்குகிறது. பேரீச்சை, தண்ணீர், நோன்புக் கஞ்சி என அளவோடு நோன்பு துறந்தால் நல்லது. சமோசாவும் பஜ்ஜியும் தட்டை நிறைத்தால், பகலில் சம்பாதித்தது இரவிலேயே செலவாகிவிடும்.

நோயாளிக்கும் பயணிக்கும் மார்க்கமே சலுகை தருகிறது. இன்சுலின் போடுபவர்கள் மருத்துவரைக் கேட்டே முடிவெடுக்க வேண்டும். வயிற்றோடு நாக்கும் நோன்பிருக்கட்டும். புறம் பேசிக் கழித்த பகலில் மிஞ்சுவது வெறும் பசிதான்.