மார்கழியும் மான் தடமும்

திருச்சிப் பாலக்கரையில் எங்கள் தெருமுனையில் வசித்த முதியவர் ஒருவர், முதுமலைக் காட்டில் நெடுங்காலம் காவலராக உழைத்து ஓய்வு பெற்றவர். மானின் போக்கை அறிய ஏற்ற காலம் எதுவென்று ஒருநாள் வினவியபோது, "வேட்டை இல்லாத காலந்தான் தம்பி. வெடிச்சத்தம் கேட்ட மான் பயம் போற வழியிலே போகும்; கேட்காத மான் தன் வழியிலே போகும்" என்றார். பிளந்த குளம்பின் கூரிய முனை எத்திசை நோக்குகிறதோ அத்திசையில் மான் சென்றிருக்கும் என்பதையும், புழுக்கையின் பளபளப்பு மங்குவதைக் கொண்டு அது கடந்துபோன நேரத்தைக் கணிப்பதையும், சுவட்டின்மேல் பனி விழுந்திருக்கிறதா, பனியைக் கலைத்துச் சுவடு விழுந்திருக்கிறதா என்று குனிந்து நோக்குவதையும், கையிலிருந்த காப்பி ஆறிப்போவதையும் மறந்து அவர் விவரித்தார்.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் பின்வந்த திருத்தங்களும் மான் வேட்டையைக் குற்றமாக்கிவிட்டமையால், நம் நாட்டில் இன்று ஆண்டு முழுவதுமே வேட்டையற்ற காலந்தான். ஆயினும் காவலர் தடம் பார்ப்பதை விடவில்லை. கொள்வதற்கு ஒன்றுமில்லாதபோதும் தேடுதலுக்குப் பொருளுண்டோ என்ற வினா அன்றுமுதல் என் சிந்தையில் தங்கிவிட்டது.

இவ்வினாவுக்கு வடமொழியே ஒரு குறிப்புத் தருகிறது. மானைக் குறிக்கும் மிருகம் என்ற சொல்லுக்கும், தேடுதலைக் குறிக்கும் வினைக்கும், விலங்கின் தடம் என்ற பொருளும் உடைய மார்க்கம் என்ற சொல்லுக்கும் உறவுண்டு. முழுமதி மிருகசீரிடத்தை ஒட்டி நிற்பதால் மார்க்கசீர்ஷம் எனப்பட்ட மாதமே நம் மார்கழி.

அம்மார்கழியை ஒட்டி வரும் வைகுண்ட ஏகாதசி உற்சவத்தில், இராப்பத்தின் எட்டாம் நாள், ஸ்ரீரங்கத்து மணல்வெளியில் நம்பெருமாள் தங்கக் குதிரையேறி வையாளி கண்டருள, திருமங்கை மன்னன் வேடுபறி நடைபெறுகிறது. அடியார்க்கு அமுதிடும் பொருட்டு வழிப்பறி செய்த அம்மன்னர், மணக்கோலத்தில் வந்த பெருமானை மறித்து ஆபரணங்களையெல்லாம் கவர்ந்து மூட்டையாகக் கட்டியும், அம்மூட்டையை அசைக்கவும் இயலாமல் நின்றார் என்பது வரலாறு. பறித்த பொன் அவருக்குச் சுமக்க முடியாத பாரமாயிற்று. அப்பெருமானிடம் செவியில் பெற்ற எட்டெழுத்து மந்திரமோ அவரை ஆழ்வாராக்கியது.

கொல்லும் ஆசை மட்டுமே பற்று என்று எண்ணுவதும் பிழையாகும். தாயிழந்த மான்குட்டியை அருளினால் வளர்த்த பரத மன்னர், அதனையே நினைந்து உயிர் நீத்து மானாகப் பிறந்தார் என்று பாகவதம் கூறும். அருளும் 'எனது' என்று பிடித்துக்கொண்டால் தளையாகிவிடுகிறது. முதுமலைப் பெரியவரோ எத்தனையோ மான்களின் வழியை அறிந்தவர். அவர் வீட்டில் ஒரு கொம்புகூட இருந்ததில்லை.

இறைவனிடத்தும் நாம் பெரும்பாலும் வேட்டைக் காலத்திலேயே செல்கிறோம். தேர்வும் திருமணமும் நோயும் வழக்கும் நம்மைச் சந்நிதிக்கு விரட்டுகின்றன. வேண்டுதல் தவறன்று. ஆனால் வேண்டும் பொருளின்மீதே கண் வைத்தவனுக்கு வேண்டப்படுபவனின் போக்கு எவ்வாறு புலப்படும்? ஆகவே அன்பர்களே, வரும் மார்கழியில் ஒரு நாளேனும், கேட்பதற்கு ஒன்றுமில்லாதவராக, காவிரிப் பாலத்தைக் கடந்து சென்று அரங்கனைச் சேவித்து வாருங்கள்.